கதவை ஒளித்தவர்களும் பாட்டிலை ஒளித்தவர்களும்

பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் மேல்மலையனூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் அமாவாசைக்கு ஊர் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிற அந்த ரகசிய பாருக்கு நானும் போய் வந்தேன்.

பதற வேண்டாம். கூட்டிப் போனவள் உங்களில் ஒருத்திதான். அவள் பெயரை எழுதினால் அவளுடைய அம்மா விடிந்ததும் என் வீட்டு வாசலில் நிற்பார், அதனால் விட்டுவிடுகிறேன். "நீங்க குடிக்க வேணாம் டீச்சர், வந்து பாருங்க, போதும்" என்றாள். பெங்களூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிட்டோம்.

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு தையல் கடை. பழைய மிஷின் ஒன்று, நூல்கண்டுகள், ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளினால் கதவு. அதற்கு முன் ஒரு கடவுச்சொல் கேட்டார்கள். அது அவள் போனுக்கு அன்று காலையிலேயே வந்திருந்தது. இடம் பிடிக்க இரண்டு வாரம் முன்பே பதிவு செய்தாளாம். உள்ளே அரை இருட்டு, தோல் வைத்த நாற்காலிகள், மெதுவாகப் பாட்டு. ஒரு கிளாஸ் 800 ரூபாய்க்குக் குறைந்து எதுவுமில்லை, வரி தனி. நான் புளியும் கோகமும் சேர்த்த, மது கலக்காத ஒன்றைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. நம் வீட்டுப் பானகத்துக்கு அவர்கள் இத்தனை விலை வைத்திருப்பதைத் தவிர எனக்கு அதில் புகார் இல்லை.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடிக் கதவை இல்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பையனின் கையை. ஒவ்வொரு கிளாஸுக்கும் சிறு உலோகக் கிண்ணியில் 30 மில்லி, 60 மில்லி என்று அளந்து ஊற்றினான். எந்த பாட்டில், எந்த ஊர், எத்தனை சதவீதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். கேட்காமலே தண்ணீர் வைத்தான். பக்கத்து மேசையில் ஒருவர் நாக்குத் தடிக்க இன்னொன்று கேட்டபோது, சிரித்தபடியே மறுத்துவிட்டு, சாப்பிட ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வாசலை ஒளித்து வைத்திருக்கிறார்களே தவிர, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. நம் பக்கத்தில் இது நேர் தலைகீழ். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சரித்திரம் நடத்திய வாய் சும்மா இருக்காது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. அப்போது முளைத்தவைதான் இந்தக் கள்ளக் கதவுகள். நியூயார்க்கில் மேற்கு 52-ஆம் தெருவில் இருந்த '21' என்ற விடுதியின் நிலவறைக் கதவு இரண்டரை டன் எடை. சுவரோடு சுவராகத் தெரியும். குறிப்பிட்ட ஒரு விரிசலில் நீளக் கம்பியை நுழைத்தால்தான் திறக்கும். போலீஸ் வந்தால் ஒரு விசையை இழுப்பார்கள். தட்டுகள் சாய்ந்து பாட்டில்கள் மொத்தமும் கீழே விழுந்து நொறுங்கிச் சாக்கடையோடு போய்விடும். நீங்கள் 800 ரூபாய் கொடுத்துக் குடிக்கிற கலவைகள் சிலவற்றுக்கும் அந்தக் காலத்தில்தான் பேர் வந்தது. திருட்டுத்தனமாகத் தயாரித்த ஜின்னின் நாற்றத்தை மறைக்க எலுமிச்சையும் தேனும் வேண்டியிருந்தன.

அந்தக் கதையின் அழகான பாதி இது. மீதிப் பாதியை எந்த பாரும் மெனு அட்டையில் அச்சடிப்பதில்லை. தொழிற்சாலைக்குரிய ஆல்கஹாலை யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று அதில் மெத்தனால் என்ற விஷத்தைக் கலக்கச் சொன்னது அமெரிக்க அரசு. கள்ளச் சந்தைக்கு அது போவது தெரிந்த பிறகு, விஷத்தின் அளவைக் கூட்டியது. '21' போன்ற இடங்களுக்குப் போக வசதி உள்ளவர்களுக்கு நல்ல சரக்கு கிடைத்தது. மற்றவர்கள் குருடானார்கள், செத்தார்கள். ஒரே சட்டம், ஒரே ஊர். யார் எந்தக் கதவைத் தட்ட முடிந்தது என்பதில்தான் உயிர் இருந்தது.

சட்டம் போய் 66 ஆண்டு கழித்து, 1999-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சாஷா பெட்ராஸ்கி என்பவர் நியூயார்க்கில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற பாரைத் திறந்தார். பெயர்ப் பலகை இல்லை. 2007-இல் அதே ஊரில் இன்னொருவர், ஒரு தின்பண்டக் கடையின் தொலைபேசிக் கூண்டுக்குள் வாசல் வைத்தார். ஒளிய வேண்டிய காரணம் போய்விட்டது, ஒளிவது மட்டும் தங்கிவிட்டது. அதற்கு ஒரு விலையும் வந்துவிட்டது. அங்கிருந்து தில்லி, மும்பை, பெங்களூரு என்று பரவி உங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இதை ஏதோ அயல்நாட்டுக் கதை என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தியாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் நம் சேலம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு கொண்டுவந்தது. அதனால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. இன்று உங்கள் பில்லில் வரி என்று வருகிறதே, அதன் பாட்டன். அதே 1939-இல் மதுவிலக்கு வடார்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. மேல்மலையனூர் அன்று தென்னார்க்காடு, செஞ்சி வட்டம். வடக்கே சேத்துப்பட்டுப் பக்கம் நடந்தால் வடார்க்காடு. அங்கே ஒரு சொட்டு வைத்திருந்தாலும் குற்றம். இங்கே கடை திறந்திருக்கும். பாண்டிச்சேரி எல்லைக்கு நாம் பழகுவதற்கு முன்பே, எல்லை தாண்டிக் குடிப்பது எப்படி என்று இந்த வட்டாரம் கற்றுக்கொண்டுவிட்டது.

யுத்த காலத்தில் தளர்ந்து, மீண்டும் வந்து, 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஆனது. அதைச் செய்து முடித்த அன்றைய மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், நம் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர். 1971 ஆகஸ்ட் 30 அன்று கலைஞர் அரசு தளர்த்தும் வரை அது நீடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அமெரிக்காக்காரன் ஒளிந்து குடித்தது 14 ஆண்டுகூட இல்லை, உங்கள் தாத்தாக்கள் ஒளிந்து குடித்தது ஏறக்குறைய 23 ஆண்டு.

பம்பாயிலும் மதுவிலக்கு இருந்தது. அங்கே கோவாக்காரக் கிறிஸ்தவப் பெண்கள் வீட்டு முன்னறையிலேயே திருட்டுத்தனமாக ஊற்றிக் கொடுத்தார்கள். 'ஆன்ட்டி பார்' என்று பேர். அந்த ஆன்ட்டிகளைப் பற்றிச் சினிமாவும் கதையும் வந்துவிட்டன. நம் தென்னார்க்காட்டில் அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. எழுத அதில் ஜோடனை ஒன்றும் இல்லை. கதவே கிடையாது. ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், பனங்காடு, மலை இடுக்கு. பானையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு மண்ணுக்குள் புதைத்து ஊறல் போடுவார்கள். நுரைத்து அடங்கியதும் ராத்திரியில் காய்ச்சுவார்கள். லாரி டியூபில் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு விடிவதற்குள் ஊருக்குள் வந்துவிடுவார்கள். விற்றவர்களில் பலர் புருஷனை இழந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேறு வழி தெரியாத பெண்கள். பிடிபட்டவர்களைக் கோர்ட்டுக்கு நடத்திக் கூட்டிப் போவார்கள், ஊரே பார்க்கும். அந்த நடையை யாரும் தோல் நாற்காலி போட்டு மறு உருவாக்கம் செய்ய மாட்டார்கள்.

பனங்காடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் பனை ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே பாளையிலிருந்து அதே சொட்டு, வெயில் ஏறுவதற்குள் கள். தமிழ்நாட்டில் கள் 1987 ஜனவரி முதல் தடை. ஆக, அந்த மனிதன் தொழிலாளியா குற்றவாளியா என்பதைத் தீர்மானிப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009-இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. அது இப்போது உங்கள் ரகசிய பார்களின் மெனுவில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. நம் பனையேறி மட்டும் போலீஸ் ஜீப்பின் சத்தத்துக்கு மரத்தின் மேலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கள்ளைத் திறந்துவிட வேண்டும் என்கிற கட்சியும் உண்டு, கூடாது என்கிற கட்சியும் உண்டு. எந்தக் கட்சியானாலும், அந்த மனிதரை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். 2001-இல் பண்ருட்டிப் பக்கம் 50 பேருக்கு மேல் செத்தார்கள். 2023 மே மாதம் நம் மாவட்டத்திலேயே, மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமத்தில் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டியது. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் 60-க்கு மேல். 2019 வரை கள்ளக்குறிச்சியும் நம் விழுப்புரம் மாவட்டம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கருணாபுரம் மலையிடுக்கில் இருக்கிற ஊர் இல்லை. நகரத்துக்குள், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில். யாரும் கடவுச்சொல் கேட்கவில்லை. கண்ணாடியைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருந்தது என்ன.

உள்ளே இருந்தது மெத்தனால், மேலே அமெரிக்கக் கதையில் வந்த அதே விஷம். சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனாலுக்கும் அதற்கும் வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மெத்தனால் ஈரலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். அது முதலில் தாக்குவது கண் நரம்பை. அதனால்தான் செத்தவர்களில் பலர் சாவதற்கு முன் "கண்ணு தெரியலையே" என்றார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் உண்டு, பிழைக்கலாம். போகமாட்டார்கள். கள்ளச்சாராயம் குடித்தேன் என்று டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வருமே என்ற பயம். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். எக்கியார்குப்பத்திலும் கருணாபுரத்திலும் மெத்தனால் கொன்றது பாதி. மறைத்தது கொன்றது மீதி.

சரி, அரசு விற்கிற சரக்கில் விஷம் இல்லையே என்பீர்கள். இல்லைதான். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2024-இல் சுமார் 4,800 கடை. 2023-24-இல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கவுண்டரில் கிடைக்கிற ஆகச் சிறிய பாட்டில் குவாட்டர், 180 மில்லி. அதில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பெங்களூர்ப் பையன் 60 மில்லி அளந்து ஊற்றியதில் அதன் மூன்றில் ஒரு பங்குதான், அதையும் நீங்கள் ஒரு மணி நேரம் உறிஞ்சுகிறீர்கள். நம்மூர்க் கூலிக்காரர் அந்த 180-ஐ வெறும் வயிற்றில், வாட்டர் பாக்கெட்டோடு, நின்றபடியே பத்து நிமிஷத்தில் முடிக்கிறார். அப்புறம் வண்டியை உதைக்கிறார். குறைவாகக் குடிக்க நினைக்கிறவருக்கு இருக்கிற ஒரே வழி, முன்பின் தெரியாத இன்னொருவரோடு ஒரு குவாட்டரைப் பங்கு போட்டு கட்டிங் அடிப்பது. 90 மில்லியைக் காகிதப் பெட்டியில் அடைத்து விற்கலாமா என்று 2023-இல் ஒரு பேச்சு எழுந்தது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. உட்கார இடம், சாப்பிடச் சோறு, போதும் என்று தடுக்க ஓர் ஆள் என்ற மூன்றைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

கலந்து கொடுக்கிற பார் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் நட்சத்திர ஹோட்டலுக்கு ஒரு உரிமம், மனமகிழ் மன்றத்துக்கு ஒரு உரிமம். அதாவது மரியாதையாகக் குடிக்க ஒன்று ஹோட்டலுக்குப் போகிற காசு வேண்டும், இல்லை மன்றத்தில் சேர்கிற செல்வாக்கு வேண்டும். மற்றவருக்கெல்லாம் கம்பி வைத்த ஜன்னலும் கையை நீட்டும் வரிசையும். நீங்கள் அந்த வரிசையிலிருந்து படித்து வெளியேறியவர்கள். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் அதில்தான் நிற்கிறார்கள்.

இனி, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக. அங்கே உங்களில் ஒருத்தி நிம்மதியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆண் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஒரு விளையாட்டு. உங்களுக்கு அப்படி இல்லை. நம் தெருவில் ஆண் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் தூக்கிவிடுவார்கள். பெண் ஒரு கிளாஸைத் தொட்டாள் என்று தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். யாரும் முறைக்காத, யாரும் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பாத ஓர் இடம் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் பழைய மதுக்கடைகளுக்குள் வராத பெண்கள், மதுவிலக்குக் காலக் கள்ளக் கதவுகளுக்குள்தான் ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்தார்கள். 'மில்க் அண்ட் ஹனி'யில் ஆண்கள் தாமாகப் போய்ப் பெண்களிடம் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது என்றே ஒரு விதி இருந்தது. குடி என்று சொல்லவும் மாட்டேன், குடிக்காதே என்று சொல்லவும் மாட்டேன், நீங்கள் வளர்ந்தவர்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 2017-இல் நெடுஞ்சாலைக் கடைகளை அகற்றியதும், அவை ஊருக்குள், தெருவுக்குள், பள்ளிக்கூடப் பாதைக்கு வந்தன. அப்போது துடைப்பத்தோடு போய் மறித்து நின்றவர்கள் உங்கள் அம்மாக்கள். பல ஊர்களில் கடையை எடுக்கவும் வைத்தார்கள். நீங்கள் கேட்கிற நிம்மதியும் அவர்கள் கேட்ட நிம்மதியும் ஒன்றுதான். குடித்தவன் யாரானாலும் தன் மேல் வந்து விழக்கூடாது, அவ்வளவே.

ஆண் பிள்ளைகளுக்கும் ஒன்று உண்டு. அம்மாவுக்குத் தெரியாது என்று நீங்கள் நம்புகிற அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டது நீங்களேதான். அம்மாக்களிடமும் போன் இருக்கிறது.

நம் ஊரில் நிஜமான ரகசியக் கதவு ஒன்று உண்டு. அது பாரின் கதவு இல்லை. குடியை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்த மனிதன் நுழைகிற ஆஸ்பத்திரிக் கதவு. குடிக்கப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்திப் போகிறான். குடியை விடப் போகிறவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "சர்க்கரைக்குக் காட்ட வந்தேன்" என்று சொல்லிப் போகிறான். மனநலப் பிரிவின் வாசலில் தெரிந்தவர் யாராவது நின்றால் அப்படியே திரும்பிவிடுகிறான். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் நிற்கிறானே, மனசு வைத்தால் முடியாதா என்று கேட்கிறோம். சிலருக்கு முடிகிறது. வருஷக்கணக்காக விடிந்ததும் குடித்துப் பழகிய உடம்புக்கு அது முடியாது. திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே கை நடுங்கும், இரண்டு மூன்று நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், வலிப்பு வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அம்மன் சந்நிதியில் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவது மனசுக்குத் துணை. நடுங்குகிற உடம்புக்கு மருந்தும் டாக்டரும் வேண்டும். குடிநோயை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்து, சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அத்தனை ஆண்டு ஆன பிறகும் நம் வட்டாரத்தில் அது நோய் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் நம் அங்காளம்மன் கோயில் கதையைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன். பிரமனின் தலையைக் கிள்ளிய ஈசன் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது. பிச்சை எடுத்து அதில் போடுகிற சோற்றையெல்லாம் கபாலமே தின்றது, அவர் பட்டினி. வீடு வாசல் மறந்து, பித்துப் பிடித்து, சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். அவரால் அதைத் தானாக உதற முடியவில்லை. ஈசனாலேயே முடியவில்லை! மலையனூருக்கு வந்தபோது அங்காளம்மன் சோற்றை மயானத்தில் இறைத்தாள். தின்ன ஆசைப்பட்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. அவள் காலால் மிதித்துவிட்டாள். மாசி மாதம் மயானக் கொள்ளையில் லட்சம் பேர் கூடி நாம் கொண்டாடுவது இதைத்தான். ஒட்டிக்கொண்டதை உதற இன்னொருவர் துணை வேண்டும். அதுவும் ஒளிவில் நடக்கவில்லை. வெட்டவெளியில், எல்லோர் கண் முன்னால் நடந்தது. ஈசனைப் பார்த்து "உனக்கு மனசில் உறுதி இல்லை" என்று அவள் திட்டவில்லை.

ஆகவே உங்களுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். மார்க் கிடையாது, செய்தால் போதும்.

முதலாவது, ஊருக்கு வரும்போது இங்கேயே தங்கிவிட்ட நண்பனுக்குப் பாசத்தைக் காட்ட ஃபுல் பாட்டில் வாங்கி வராதீர்கள். நீங்கள் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவீர்கள். மீதியை அவன் பெண்டாட்டி சுமப்பாள். காலி பாட்டிலை ஏரியிலும் நிலத்திலும் உடைத்துப் போடாதீர்கள். நடவுக்கு இறங்குகிற பெண்களின் கால் கிழிகிறது.

இரண்டாவது, எங்கேயாவது பாக்கெட் சாராயம் விற்பது தெரிந்தால் 10581 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். குடித்த யாருக்காவது கண் மங்கினால் ஆஸ்பத்திரியில் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான மருந்து ஏறும்.

மூன்றாவது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் டாஸ்மாக் மூடியிருக்கும். அந்த நான்கு நாளும் கிராம சபையும் கூடும். உங்களுக்கும் விடுமுறைதான். முதல் நாளே பாட்டில் வாங்கிப் பதுக்குவதில் காட்டுகிற முன்யோசனையைக் கொஞ்சம் அங்கே காட்டுங்கள். கடை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் குடிநோய்க்கு ஆலோசனை என்றைக்குக் கிடைக்கும் என்று எழுந்து கேளுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள். உங்கள் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் விட யாருக்கும் துணிச்சல் வராது.

நான்காவது, உங்கள் தெருவில் விட நினைத்தும் விடமுடியாமல் தவிக்கிற ஒருவரை உங்களுக்குத் தெரியும். அப்பாவாக இருக்கலாம், கூடப் படித்தவனாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பிறகு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பட்டப்பகலில், பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து. எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு லீவ் கிடைக்காது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். ஒரு பாரில் மேசை பிடிக்க இரண்டு வாரம் முன்பே திட்டமிடத் தெரிந்தவர்கள் நீங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் டீச்சர்,
மேல்மலையனூர்